நாட்டார் ஒலிப்பதிவுகளை ஆய்வுக்குப் பயன்படுத்த: இணையமா, வாசிப்பறையா, பிரதியா?

ஆய்வுக்குத் தேவையான ஒரு பாடல் ஏதோ ஒரு காப்பகத்தில் இருக்கிறது என்று பட்டியலில் பார்த்துவிட்டீர்கள். பாடியவர் பெயர், ஊர், ஆண்டு, ஒரு சேகரிப்பு எண். அடுத்து பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, "இது இணையத்தில் கிடைக்குமா?" என்பதுதான். கிடைத்தால் கேட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பாடலை விட்டுவிட்டு, கிடைக்கிற வேறொன்றுக்கு மாறிவிடுகிறார்கள். இரண்டிலுமே ஆய்வின் திசையைத் தீர்மானிப்பவர் ஆய்வாளர் இல்லை. எந்தப் பெட்டியை முதலில் டிஜிட்டல் ஆக்கலாம் என்று காப்பகத்தில் முடிவெடுத்த யாரோ ஒருவர்.

முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்த ஒலியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? சொற்களையும் பாடபேதங்களையும் ஒப்பிடப்போகிறேனா? சுருதியையும் லயத்தையும் அளக்கப்போகிறேனா? யார், யாருக்காக, எந்தச் சூழலில் பாடினார்கள் என்று எழுதப்போகிறேனா? அல்லது ஒரு துண்டை எடுத்து வெளியிடப்போகிறேனா? ஒலி எவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகிறதோ அந்த அளவுக்கு அதோடு ஒட்டியிருந்த மற்றவை வழியில் உதிர்ந்திருக்கும். எது உதிர்ந்தால் உங்கள் ஆய்வுக்குப் பாதகம் இல்லை என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இணையத்தில் கேட்பது

இணையத்தில் இருப்பது கொஞ்சநஞ்சமல்ல. வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் அமெரிக்கன் ஃபோக்லைஃப் சென்டர், 1930-களின் பெரிய களப்பதிவுத் தொகுதிகள் பலவற்றை யாரும் கேட்கும்படி வைத்திருக்கிறது. ஜான் லோமாக்ஸும் அவர் மனைவி ரூபியும் 1939-இல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் 6,502 மைல் சுற்றிப் பதிந்தவை அதில் உண்டு. சிட்னி ராபர்ட்சன் கவல் 1938 முதல் 1940 வரை வடக்குக் கலிஃபோர்னியாவில் பதிந்தவையும் உண்டு. ஜானின் மகன் ஆலன் லோமாக்ஸ் 1946 முதல் தாமாகச் செய்த பதிவுகளில் 17,000-க்கும் மேற்பட்டவற்றை, அவர் நிறுவிய அசோசியேஷன் ஃபார் கல்ச்சுரல் ஈக்விட்டி 2012-இல் இணையத்தில் ஏற்றியது. பசிபிக் பகுதி மொழிகளுக்கும் இசைக்கும் 2003-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய பாரடிசெக் என்ற டிஜிட்டல் காப்பகம் இருக்கிறது. அருகிவரும் மொழிகளுக்கு இலார் காப்பகம். முன்பு லண்டனில் இருந்தது, இப்போது பெர்லினில்.

ஆய்வின் தொடக்கத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. நூறு பதிவுகளைக் கேட்டு அதில் பத்தைப் பொறுக்கி எடுக்கும் வேலைக்காக விமானம் ஏறுவது வீண். ஒரே பாடலின் பல வடிவங்களைச் சொல் அளவில் ஒப்பிடுவதுதான் ஆய்வு என்றால், வீட்டிலிருந்தே பாதிக்கு மேல் முடித்துவிடலாம்.

ஆனால் இணையத்தில் இருப்பது சேகரிப்பின் முழு உருவம் இல்லை. ஒலி தெளிவாக இருந்தது, உரிமைச் சிக்கல் குறைவாக இருந்தது, நிதி கிடைத்தது என்று பல சல்லடைகளைத் தாண்டி வந்தவையே அங்கே இருக்கும். எனவே "இந்தப் பகுதியில் தாலாட்டு பதிவாகவே இல்லை" என்று இணையத்தை மட்டும் பார்த்து எழுதிவிடக் கூடாது. தாலாட்டு ஒலிநாடாவாக அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

பலருக்கும் கண்ணில் படாத சிக்கல் ஒன்று உண்டு. தேடுவதற்கு வசதியாகப் பதிவுகளைப் பாடல் பாடலாக வெட்டித்தான் பல தளங்கள் வைக்கின்றன. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் நடந்த பேச்சு தனிக் கோப்பாகப் போயிருக்கும். சில சமயம் காணாமலே போயிருக்கும். சேகரிப்பவர் என்ன கேட்டார், பாடுபவர் எதைப் பாட மறுத்தார், பக்கத்தில் இருந்தவர் எந்த அடியைத் திருத்தினார் என்பதெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கும். நிகழ்த்துதலை ஆராய்பவருக்குப் பாடலைவிட அந்தப் பேச்சு முக்கியம்.

இணைப்பு எப்போதும் வேலை செய்யும் என்ற நம்பிக்கையும் ஆபத்து. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தபோது அதன் ஒலிப்பதிவுத் தளமும் முடங்கியது, நெடுநாள் திரும்பவில்லை. ஆய்வேட்டின் நடுவில் இருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கேட்ட நாளிலேயே சேகரிப்பு எண்ணையும் கோப்பின் பெயரையும் கேட்ட தேதியையும், முடிந்தால் நேரக்குறியோடு சொந்தக் குறிப்பையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் கையில் இருந்தால் தளம் போனாலும் காப்பகத்துக்கு எழுதிக் கேட்க முடியும்.

அச்சில் வந்த எழுத்துவடிவம்

சொல்தான் வேண்டும், ஒலி எதற்கு என்று நினைப்பவர்கள் பதிப்பிக்கப்பட்ட எழுத்தாக்கத்தோடு நின்றுவிடுவார்கள். நேரம் மிச்சம், அனுமதித் தொல்லை இல்லை. ஆனால் பாட்டைக் கேட்டு எழுதுபவரும் ஒரு கேட்பாளர்தான். அவர் காது தான் அறிந்ததை நோக்கியே சாயும்.

இதற்கு மில்மன் பாரி சேகரிப்பைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஹோமர் காவியங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞரான பாரி 1933 முதல் 1935 வரை அன்றைய யூகோஸ்லாவியாவில் காவியப் பாடகர்களைப் பதிந்தார். ஒலிப்பதிவுத் தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களில் நிறைந்துவிடும். காவியமோ மணிக்கணக்கில் ஓடும். அதனால் இரண்டு சுழல்மேடைகளை வைத்து, ஒன்று நிறைந்ததும் இன்னொன்றில் தொடரும்படி கருவி அமைத்துக்கொண்டார். 3,500-க்கும் மேற்பட்ட அலுமினியத் தட்டுகள் சேர்ந்தன; இன்று ஹார்வர்டில் இருக்கின்றன. பதிவுகளைக் கேட்டு எழுதியவர் பாரியின் உதவியாளர் நிகோலா வுயனோவிச். அவரும் அதே மரபில் பாடத் தெரிந்தவர். பல பத்தாண்டுகள் கழித்து வாய்மொழி மரபு ஆய்வாளர் ஜான் மைல்ஸ் ஃபோலி ஒரு காவியத்தின் ஒலியையும் எழுத்தையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தபோது, நிகோலா வெறுமனே பெயர்த்து எழுதியிருக்கவில்லை, சில இடங்களில் தாமே மறுபடி பாடியிருக்கிறார் என்று தெரிந்தது. அதை நிகோலாவின் "மறுபாடல்" என்றே ஃபோலி பேசினார். பாடகர் தடுமாறிய இடம் எழுத்தில் நேராகியிருந்தது.

இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன்; மரபை அறிந்தவர் கேட்டெழுதினால் இப்படித்தான் ஆகும். ஆனால் அசைச்சொற்கள், தடுமாற்றம், திரும்பச் சொல்லல், யாப்பு மீறல் ஆகியவற்றை ஆராய்பவர் எழுத்தாக்கத்தை நம்பி முடிவுக்கு வந்தால், பாடகரை விட்டுவிட்டு எழுதியவரைத்தான் ஆராய்ந்திருப்பார். கதைக்கூறு, பாத்திரங்கள், நிகழ்ச்சி வரிசை என்ற அளவில் ஆய்வு நின்றால் அச்சுப் பிரதி போதும்.

வெளியீட்டு இசைத்தொகுப்பு

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. களப்பதிவிலிருந்து தேர்ந்தெடுத்து வெளியிட்ட தட்டுகளும் தொகுப்புகளும் கேட்க இனிமையானவை. பாடம் நடத்த மிகவும் உதவும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1987-இல் ஃபோக்வேஸ் வெளியீட்டு நிறுவனத்தை ஏற்றபோது எந்தத் தலைப்பும் விற்பனையிலிருந்து விலகாது என்ற நிபந்தனையோடு ஏற்றது. தொகுப்புகளோடு வரும் குறிப்பேடுகள் தனி ஆய்வுப்பொருள் என்றே சொல்லலாம், அவற்றை இலவசமாகப் பதிவிறக்கவும் முடிகிறது. ஆனால் தொகுப்பு என்பது தொகுப்பாசிரியரின் ரசனை. இரைச்சல் நீக்கப்பட்டிருக்கும், முன்னும் பின்னும் வெட்டியிருக்கும், நீளமான பாட்டு பாதியில் மங்கி அடங்கும். ஒரு சேகரிப்பு எப்படி மக்களிடம் போனது என்ற வரலாற்றை எழுதுபவருக்கு இதுதான் முதன்மைச் சான்று. மற்ற எவருக்கும் இரண்டாம்நிலைச் சான்று.

வாசிப்பறைக்குப் போவது

செலவும் நேரமும் பிடிக்கும் வழி இதுதான். என் பரிந்துரையும் பெரும்பாலும் இதுதான். காரணம் ஒலி இல்லை. காப்பகத்தில் உட்கார்ந்து நீங்கள் கேட்கப்போவதும் பெரும்பாலும் டிஜிட்டல் பிரதியைத்தான். ஒலி பதிந்த மூல மெழுகு உருளையையோ நாடாவையோ யாரும் ஓட்டிக் காட்டமாட்டார்கள். மெழுகு உருளை ஒவ்வொரு முறை ஊசி பட்டபோதும் தேய்ந்தது. பழைய நாடாக்கள் சிலவற்றின் பூச்சு பிசுபிசுத்துக் கருவியில் ஒட்டிக்கொள்ளும். உருளையைத் தொடாமலே அதன் பள்ளங்களை ஒளியால் படமெடுத்து ஒலியை மீட்கும் ஐரீன் என்ற முறையை லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவாக்கியது இதனால்தான்.

போக வேண்டியது காகிதங்களுக்காக. களக்குறிப்பேடு, தட்டின் உறையில் பென்சிலால் கிறுக்கியது, சேகரித்தவர் காப்பகத்துக்கு எழுதிய கடிதங்கள், சேகரிப்பு வந்து சேர்ந்தபோது திறந்த கோப்பு ஆகியவை ஒன்றாகக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். லோமாக்ஸ் தம்பதியின் 1939 பயணத்துக்குக் களக்குறிப்புகளையும் உறைகளையும்கூட இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள், அது விதிவிலக்கு. பெரும்பாலான சேகரிப்புகளில் ஒலி மட்டும் ஏறியிருக்கும், அல்லது இரண்டுமே ஏறியிருக்காது.

காகிதம் ஏன் இவ்வளவு முக்கியம்? பதிவுக் கருவிதான் பாட்டின் வடிவத்தைப் பல நேரம் முடிவுசெய்திருக்கிறது. மெழுகு உருளையில் இரண்டு முதல் நான்கு நிமிடம்தான் பிடிக்கும். தட்டில் பக்கத்துக்குச் சில நிமிடம். பத்துச் சரணம் உள்ள பாடலில் மூன்று மட்டும் பதிவாகியிருந்தால், பாடகருக்கு மூன்றுதான் தெரியுமா, மெழுகு தீர்ந்துவிட்டதா? ஒலியைக் கேட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தால் தெரிந்துவிடும். ஆலன் லோமாக்ஸும் தந்தையும் 1933-இல் எடுத்துச் சென்ற கருவியின் எடை 315 பவுண்டு. அதைக் காரில்தான் வைத்துச் சுற்றினார்கள். பாடகர் வீட்டுக்குக் கருவி போனதா, கருவி இருந்த இடத்துக்குப் பாடகர் வந்தாரா, அவர் கைதியாக இருந்தாரா, யார் பக்கத்தில் நின்றார்கள் என்பதெல்லாம் பாட்டின் தேர்வையே மாற்றும் விஷயங்கள்.

இதன் உச்சத்தை பெர்லினில் பார்க்கலாம். 1915 முதல் 1918 வரை பிரஷ்யாவின் ஒலிப்பதிவு ஆணையம் ஜெர்மனியின் போர்க்கைதி முகாம்களில் ஏறத்தாழ 250 மொழிகளிலும் கிளைமொழிகளிலும் குரல்களைப் பதிந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து பிடிபட்டவர்களின் குரல்களும் வுன்ஸ்டோர்ஃப் முகாமில் பதிவாயின. அந்தத் தட்டுகளில் ஊர்க்கதையும் பாட்டும் இருக்கின்றன. முகாம் என்ற சூழலை அறியாமல் கேட்டால் அவை மொழியியல் மாதிரிகள். தனிநபர் தாள்களோடு படித்தால் சிறைப்பட்டவர்களின் வாக்குமூலங்கள். ஒரே ஒலி, இரண்டு வேறு ஆய்வுகள்.

அங்கே இருக்கும் காப்பாளரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பட்டியலில் இல்லாதது அவர் நினைவில் இருக்கும்: இந்தச் சேகரிப்பாளருக்கு இன்னொரு பெட்டி வேறு எண்ணில் இருக்கிறது, அந்தப் பாடகரை இன்னொருவரும் பதிந்திருக்கிறார், இந்த நாடாவின் உறை மாறிப்போயிருக்கிறது என்பதுபோல. ஆனால் சொல்லாமல் போய் நின்றால் அவரால் எதுவும் செய்ய முடியாது. காங்கிரஸ் நூலகத்தில் வாசகர் அட்டை பெறுவது சுலபம், இலவசம். அதை நம்பி நேரே போய்விடலாம் என்று தோன்றும். பல பதிவுகள் வேறு கட்டடத்தில் இருக்கும், கேட்கும் பிரதி இன்னும் செய்யப்படாமலே இருக்கும். சில வாரங்களுக்கு முன்பே சேகரிப்பு எண்களோடு எழுதி, கேட்கும் பிரதி உண்டா, எழுத்துக் கோப்புகள் திறந்திருக்கின்றனவா என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். "கிராமியப் பாடல்கள் வேண்டும்" என்ற கடிதத்துக்கும் எண் குறித்த கடிதத்துக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

எவ்வளவு நாள் ஒதுக்குவது? ஒரு மணி நேர ஒலியைக் குறிப்போடு கேட்க மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் நான் சொல்வது: ஒலியைக் கூடியவரை வீட்டில் கேட்டு முடித்துவிட்டுப் போங்கள், அங்கே காகிதத்தைப் படியுங்கள்.

பிரதி வாங்குவது

அளக்கிற ஆய்வு என்றால் தயங்காமல் உயர்தரப் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். இணையத்தில் ஓடுவது பெரும்பாலும் எம்பி3 போன்ற சுருக்கப்பட்ட கோப்பு. மனிதக் காது தவறவிடும் என்று கணித்த தகவல்களை நீக்கித்தான் அது சுருங்குகிறது. காதால் கேட்க அது போதும். பிராட் என்ற குரல் பகுப்பாய்வு மென்பொருளில் போட்டு நுண்ணிய குரல் அலகுகளை அளக்கும்போது நீக்கப்பட்டவை தொந்தரவு செய்யும். ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டு அமைப்பான ஐயாசா பாதுகாப்புப் பிரதிக்குச் சொல்லும் அளவு 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ். பல காப்பகங்கள் 96-இல் செய்கின்றன. ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலி 96-இல் ஏறக்குறைய இரண்டு ஜிபி ஆகும். வட்டில் இடம் வைத்துக்கொண்டு கேளுங்கள். சத்தம் குறைக்கப்படாத, வெட்டப்படாத கோப்பு வேண்டும் என்றும் எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் "அழகுபடுத்திய" கோப்பை அன்போடு அனுப்பிவிடுவார்கள்.

பிரதி கிடைத்ததும் சுருதியை அளக்கத் தொடங்கிவிடாதீர்கள். அது சரியான வேகத்தில்தான் ஓடுகிறதா? வேகம் 6 சதவீதம் மாறினால் சுருதி அரைச்சுரம் ஏறியோ இறங்கியோ போய்விடும்; லயமும் கூடவே மாறும். பழைய உருளைகளுக்கு நிலையான வேகம் கிடையாது, பதிந்தவர் திருகியதுதான் வேகம். பெர்லின் ஒலிக்காப்பகத்தின் ஹோர்ன்போஸ்டல் இதை அறிந்து, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் 435 ஹெர்ட்ஸ் சுருதிக் குழலை ஊதும்படி களப்பணிக்குப் போனவர்களுக்குச் சொல்லியனுப்பினார். அந்தக் குழலோசை இருக்கும் உருளையில் வேகத்தைத் திருத்திவிடலாம். நாடாப் பதிவில் இன்னொரு தடயம் உண்டு: கருவி மின்இணைப்பில் ஓடியிருந்தால் பின்னணியில் மெல்லிய மின்முனகல் இருக்கும். அந்த நாட்டு மின்சாரத்துக்கு ஏற்ப அது 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேகம் தவறு. இரைச்சல் நீக்கிய கோப்பில் இந்த முனகலையும் சேர்த்துத் துடைத்திருப்பார்கள் என்பதால்தான் நீக்காத கோப்பைக் கேட்கச் சொன்னேன். பேட்டரியில் ஓடிய கருவி என்றால் வேகம் பதிவின் நடுவிலேயே தளர்ந்திருக்கக்கூடும். அங்கே துல்லிய அளவுக்கு ஆசைப்படாமல் சுரங்களுக்கு இடையேயான உறவை மட்டும் பேசுவது நல்லது.

மீண்டும் மீண்டும் கேட்க முடிவது பிரதியின் பெரிய பலம். இங்கிலாந்தில் 1906-இல் இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர் நாட்டார் பாடகர்களை ஃபோனோகிராஃபில் பதிந்து, வேகம் குறைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார். காதால் கேட்டு உடனே குறித்தவர்கள் ஒரே மெட்டாக எழுதியிருந்த பாடல்களில், பாடகர் சரணத்துக்குச் சரணம் மெட்டை மாற்றிக்கொண்டே போனதை அவரால் எழுத முடிந்தது. இன்று ஈலான், சோனிக் விஷுவலைசர் போன்ற இலவச மென்பொருள்களில் அந்த வேலை இன்னும் எளிது. வாசிப்பறையில் ஒரு பிற்பகலில் கேட்டு இதைச் செய்ய முடியாது.

பிரதி கேட்பதைத் தள்ளிப்போடவும் கூடாது. காந்த நாடாக்களை ஓட்டும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் தீர்ந்துவருகின்றன என்று யுனெஸ்கோவும் ஐயாசாவும் 2019-இல் எச்சரித்தன. 2025 அளவில் உலகின் பல பகுதிகளில் நாடாவை ஓட்டுவதே முடியாமல் போகும் என்றன. இன்னும் மாற்றப்படாத நாடா ஒன்று உங்கள் ஆய்வுக்கு வேண்டும் என்றால், உங்கள் கோரிக்கையே அதை வரிசையில் முன்னே நகர்த்தலாம்.

அனுமதி என்பது ஒன்று இல்லை

எந்த வழியில் கேட்டாலும் வெளியிடும் கட்டம் வரும்போது மூன்று தனித்தனி அனுமதிகள் நிற்கும்: பிரதியைப் பயன்படுத்தக் காப்பகத்தின் அனுமதி, சட்டப்படி உரிமை உள்ளவரின் அனுமதி, பாடியவர்கள் அல்லது அவர்கள் சமூகத்தின் சம்மதம். முதலாவது கிடைத்ததும் மூன்றும் கிடைத்தது என்று எண்ணுவது வழக்கம். காப்பகம் பெரும்பாலும் உரிமையாளர் இல்லை, பாதுகாவலர் மட்டும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதிலும் களப்பதிவுக்கு ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்காவில் 2018-இல் வந்த சட்டத்தின்படி 1923-க்கு முன் வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆயின. ஆனால் வெளியிடப்படாமல் அலமாரியிலேயே இருந்த பழைய பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு உண்டு. களப்பதிவுகள் பெரும்பாலும் வெளியிடப்படாதவை. அதாவது கடையில் விற்ற பழைய தட்டு கட்டற்றது. அதே ஆண்டில் யாரோ ஒரு பாட்டி ஆய்வாளரிடம் பாடியது கட்டுக்குள். இந்தியச் சட்டத்திலும் ஒலிப்பதிவுக்கான 60 ஆண்டு, வெளியீட்டிலிருந்துதான் எண்ணப்படுகிறது. ஆய்வுக்காகக் கேட்பதையும் சிறு பகுதியை மேற்கோள் காட்டுவதையும் நியாயமான பயன்பாடு என்ற விதிகள் ஓரளவு காக்கும்; முழுப் பாடலை இணையத்தில் ஏற்றுவதை அவை காப்பதில்லை.

சமூகத்தின் சம்மதத்தைச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. 1890-இல் மானிடவியலாளர் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பாஸமகுவாடி பழங்குடியினரின் பாட்டையும் கதையையும் எடிசன் உருளைகளில் பதிந்தார். களத்தில் செய்த முதல் இனவரைவியல் ஒலிப்பதிவு என்று அதைச் சொல்கிறார்கள். நூற்றாண்டு கடந்து, காங்கிரஸ் நூலகத்தின் பக்கத்தில் அந்தப் பதிவுகளோடு அச்சமூகமே வகுத்த மரபறிவுக் குறிகள் சேர்க்கப்பட்டன. ஒரு குறி யாருக்கு உரியது என்று சொல்கிறது, இன்னொன்று கல்விக்குப் பயன்படுத்தலாம் என்கிறது, மற்றொன்று "இது விற்பனைக்கு அல்ல" என்கிறது. நீதிமன்றத்தில் இவற்றின் பலம் எதுவாக இருந்தாலும் ஆய்வாளருக்கு இதைவிடத் தெளிவான அறிவுறுத்தல் தேவையில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பற்றிய அயாட்சிஸ் காப்பகத்தில் சில சடங்குப் பதிவுகளை உரியவர் தவிர மற்றவர் கேட்கவே முடியாது. தடை என்று பார்த்தால் எரிச்சல் வரும். அந்தப் பாட்டை யார் கேட்கலாம் என்பதே அந்தப் பாட்டின் இலக்கணத்தில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டால் அதுவே ஆய்வுச் செய்தி.

வெளியீட்டில் பணம் புழங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஜேம்ஸ் கார்ட்டரின் கதை உண்டு. 1959-இல் மிசிசிப்பிச் சிறையில் கைதிகள் வேலை செய்தபடி பாடிய பாட்டு ஒன்றை ஆலன் லோமாக்ஸ் பதிந்தார்; அதில் முன்குரல் அவருடையது. 2000-இல் அது ஒரு ஹாலிவுட் படத்தின் இசைத்தொகுப்பில் இடம்பெற்று லட்சக்கணக்கில் விற்றது. லோமாக்ஸ் காப்பகத்தார் அவரைத் தேடி சிகாகோவில் கண்டுபிடித்து 20,000 டாலர் காசோலையைக் கொடுத்தார்கள். பாடியதே அவருக்கு நினைவில் இல்லை.

பதிவைப் பாடியவர்களிடமே கொண்டுபோவது

இது மற்ற வழிகளுக்குப் போட்டி இல்லை; அவற்றில் ஏதாவது ஒன்றை முடித்த பிறகே வரும். டச்சு அறிஞர் ஆர்னால்ட் பாகே 1938-இல் தென்னிந்தியாவில் பதிந்த ஒலிகளை எடுத்துக்கொண்டு 1984-இல் இசை ஆய்வாளர்கள் நசீர் ஜெய்ராஸ்போயும் ஏமி கேட்லினும் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று அதே இடங்களுக்குப் போனார்கள். என்ன மாறியது, என்ன நின்றது என்று கேட்டவர்களே சொன்னார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் தொடங்கிய ஆர்ச்சே காப்பகத்தின் நோக்கமும் இதையொட்டியதே: வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே பதிந்துகொண்டு போனவற்றின் பிரதிகளைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பது.

பொருள் விளங்காத சொல், யாரென்று தெரியாத குரல், தவறாகக் குறித்த ஊர்ப்பெயர் ஆகியவற்றுக்கு இந்த வழியில் கிடைக்கும் பதில் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் காப்பகத்தின் நிபந்தனை பிரதியை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது என்று இருக்கலாம். பாடியவரின் பேத்திக்குக் கொடுக்கலாமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான காப்பகங்கள் சம்மதிக்கும், கேட்காமல் செய்தால்தான் சங்கடம். இறந்தவர் குரலைத் திடீரென்று போட்டுக் காட்டுவதும் கூடாது. முதலில் பெரியவர் ஒருவரிடம் சொல்லி, யார் கேட்க வேண்டும், எப்போது என்று அவர்களே முடிவுசெய்யட்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

முதுகலை மாணவர், ஆறு மாத அவகாசம், சொற்பொருள் ஆய்வு: இணையம் போதும். எழுத்தாக்கத்தையும் ஒலியையும் ஒத்துப் பார்க்கும் வேலையை மட்டும் விட்டுவிட வேண்டாம். முனைவர் பட்டம், நிகழ்த்துதல் அல்லது சேகரிப்பின் வரலாறு: வாசிப்பறைக்குப் போயே ஆக வேண்டும், நிதி இல்லையென்றால் களக்குறிப்பின் ஸ்கேனை விலைக்குக் கேளுங்கள், ஒலிக்குச் செலவிடும் முன் காகிதத்துக்குச் செலவிடுங்கள். இசையியல் என்றால் பிரதி. குறைவான பதிவுகள், உயர்ந்த தரம். நூறு எம்பி3-ஐ அளப்பதைவிட வேகம் சரிபார்த்த பத்துக் கோப்புகள் நம்பகமானவை. ஆவணப்படமோ ஒலித்தொடரோ செய்பவர் அனுமதிக் கடிதத்தை முதல் வாரமே அனுப்பிவிட வேண்டும். மாதக்கணக்கில் பிடிக்கும், சில நேரம் பதிலே வராது. வராத பதிலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எந்த வழியானாலும் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் பாடியவர் பெயரை முதலிலும், பதிந்தவர் பெயரை அடுத்தும், பிறகு இடம், தேதி, காப்பகம், சேகரிப்பு எண், தட்டு அல்லது நாடா எண் ஆகியவற்றையும் கொடுங்கள். நீங்கள் கேட்டது இணையக் கோப்பா, வாசிப்பறைப் பிரதியா, வாங்கிய பிரதியா, வேகத்தைத் திருத்தினீர்களா, எவ்வளவு என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். பல ஆய்வேடுகளில் இந்த வரி இல்லாததால்தான் அவற்றின் சுருதி அட்டவணைகளை இன்னொருவர் சரிபார்க்க முடிவதில்லை.